அடி தாங்காமல் வந்தவர் குழந்தைகளுக்குப் பராமரிப்புத் தொகை கேட்கலாமா?

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் இரண்டு குழந்தைகளுடன் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். விவாகரத்து கேட்கவில்லை. “நீயாகத்தான் போனாய், பைசா தர மாட்டேன். பிள்ளைகளை வாரம்தோறும் என்னிடம் அனுப்பு, அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். வேலையையும் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். எனக்குச் சிறிய சம்பளம். என்ன வழி?

பதில்: விவாகரத்து வழக்கு இல்லாமலே கேட்கலாம். காரணமில்லாமல் பிரிந்து வந்தீர்களா என்ற வாதம் உங்கள் ஜீவனாம்சத்தில்தான் எழும். அதற்கும் அவர் அடித்ததே பதில். குழந்தைகளின் பங்கை அந்த வாதம் தொடாது. பஞ்சாயத்தில் “எதுவும் வேண்டாம்” என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள். போட்டிருந்தாலும் குழந்தைகளின் உரிமை அதனால் போகாது.

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144-ஆம் பிரிவில் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) மனுப் போடலாம். ஆனால் வன்முறை நடந்திருப்பதால், 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம் போவதே உங்களுக்கு நல்லது. பாதுகாப்பு உத்தரவு, தங்குமிடம், குழந்தைகளின் தற்காலிகப் பொறுப்பு, பராமரிப்புத் தொகை எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்டுவிடலாம். இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊர் நீதிமன்றமே போதும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் உள்ள பாதுகாப்பு அலுவலர் மனு எழுத உதவுவார். சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், வழக்கறிஞர் இலவசம். பெண்கள் உதவி எண் 181-ல் அழைத்தும் விசாரிக்கலாம்.

மனுவை முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா. அதனால் 23-ஆம் பிரிவில் இடைக்கால மனுவையும் அன்றே சேர்த்துப் போடுங்கள். இதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் கையில் காசில்லாமல் அலைபவர்கள்தான் அதிகம்.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: அடித்ததற்குத் தண்டனையாக மாதத் தொகை அதிகமாகாது. அது அவர் வருமானத்தையும் குழந்தைகளின் தேவையையும் பொறுத்தது. அடியால் வந்த மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாமல் இழந்த சம்பளம் ஆகியவற்றை 20-ஆம் பிரிவில் தனியாகக் கேளுங்கள். உடல், மன வேதனைக்கான இழப்பீடு 22-ல். மருத்துவமனை ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதிந்த விபத்துப் பதிவேட்டின் நகல்), மகளிர் காவல் நிலையத்தில் தந்த சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு), மிரட்டல் குறுஞ்செய்திகள் இங்கேதான் கைகொடுக்கும். அப்போது புகார் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அது வழக்கைக் கெடுக்காது.

வேலையை விட்டேன் என்பது பழைய உத்தி. ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னபடி, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும். நீங்களும் சம்பளத்தை மறைக்காதீர்கள். பிடிபட்டால் மற்ற எல்லாவற்றிலும் நம்பிக்கை போகும். நீங்கள் சம்பாதிப்பதால் அவர் கடமை தீராது. அவருடைய பழைய சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, கடன் தவணை விவரம் கிடைத்தால் எடுத்துவையுங்கள். பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, வேன் செலவு விவரம் உங்கள் பக்கச் சான்றுகள். தொகை மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்து கணக்காகும்.

பிள்ளைகளைப் பார்ப்பதும் பணமும் வேறு வேறு. காட்டவில்லை என்று அவர் பணத்தை நிறுத்த முடியாது. பணம் வரவில்லை என்று நீங்களும் நீதிமன்ற உத்தரவை மீறிப் பார்க்கவிடாமல் தடுக்கக் கூடாது. சந்திப்பு குழந்தைக்குத் தீங்கு என்று நடுவர் கருதினால் 21-ஆம் பிரிவில் மறுத்துவிடுவார். குழந்தைகள் அடியைப் பார்த்திருந்தால், அவர்களுக்கே விழுந்திருந்தால், மனுவில் தேதியுடன் எழுதுங்கள்.

பணத்தைக் கையில் வாங்காதீர்கள், வங்கி வழியே கேளுங்கள். தங்கும் இடம் அவருக்குத் தெரியக் கூடாது என்றால், வேறு ஊர்க் கிளையிலுள்ள கணக்கைக் கொடுங்கள்; ஐ.எஃப்.எஸ்.சி. எண் கிளையைக் காட்டிவிடும்.

உத்தரவு வந்தும் தராவிட்டால், சம்பளத்திலிருந்து நேரே பிடித்துத் தரும்படி அவர் முதலாளிக்கே உத்தரவிடக் கேட்கலாம். 144-ல் வாங்கிய உத்தரவு என்றால் பாக்கிக்கு வாரண்ட் கேட்கலாம், சிறையும் உண்டு. ஆனால் தொகை சேர வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். “அடுத்த மாதம் மொத்தமாகத் தருகிறேன்” என்பதை நம்பி அந்த ஓராண்டைத் தாண்டவிடாதீர்கள்.