மேக்ரோவுக்கு இரண்டாவது ஃபிளாஷ்: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, பூச்சிகளை மிக நெருக்கத்தில் எடுக்க 100 எம்எம் மேக்ரோ லென்ஸ், கேமரா மேலே ஒரு ஃபிளாஷ். பூச்சிக்கு முதுகு வெளுத்து, வயிறு கருத்துப்போகிறது. இன்னொரு ஃபிளாஷ் வாங்கிவிடட்டுமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் டிஃப்யூசரை, அதாவது ஃபிளாஷ் வெளிச்சத்தைப் பரப்பி மென்மையாக்கும் திரையைக் கவனியுங்கள். பால்வெள்ளை பிளாஸ்டிக் தாளை வளைத்து, லென்ஸின் முனையையும் தாண்டிப் பூச்சியின் தலைக்கு மேல் கூரைபோல வரும்படி கட்டுங்கள். கீழே ஒரு வெள்ளை அட்டை. பல பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். டிஃப்யூசர் இல்லாமல் இரண்டு ஃபிளாஷ் அடித்தால், பொன்வண்டின் முதுகில் ஒன்றுக்கு இரண்டாக வெள்ளைத் திட்டு விழும், அவ்வளவுதான்.

கேள்வி: வெளிச்சம் போதவில்லை என்பதற்காகத்தான் கேட்கிறேன். 1:1ல் (பூச்சி கேமரா சென்சாரில் அசல் அளவிலேயே விழும் நெருக்கம்) லென்ஸ் துளையை எஃப்/11 வைத்தாலே படம் இருட்டு.

பதில்: 1:1 உருப்பெருக்கத்தில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது), எஃப்/11 என்பது அதைவிடச் சின்னத் துளையான எஃப்/22 மாதிரி நடந்துகொள்ளும். ஆனால் அதே அளவு பவரில் இன்னொரு ஃபிளாஷைச் சேர்த்தாலும் கிடைப்பது ஒரே ஒரு ஸ்டாப். கேமராவின் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 100லிருந்து 200க்கு மாற்றினால் அதே ஒரு ஸ்டாப் காசில்லாமல் கிடைக்கும். ஒரு லாபம் உண்டு: பவரைக் குறைக்கக் குறைக்க ஃபிளாஷ் எரியும் நேரமும் சுருங்கும். முழு பவரில் 1/32 பங்கு வைத்தால் பல ஃபிளாஷ்கள் ஏறத்தாழ 1/10,000 நொடிதான் எரியும். வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தால் கை நடுங்கினாலும் படம் கலங்காது.

கேள்வி: லென்ஸுக்கு இடமும் வலமுமாக ஒரே பவரில் வைத்திருக்கிறேன். தாவும் சிலந்தியின் முகம் தட்டையாக வருகிறதே?

பதில்: பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூடியோ வெளிச்சம் அது! சிலந்தியின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு புள்ளி மின்னும், எது வெளிச்சப் பக்கம், எது நிழல் பக்கம் என்றே தெரியாது. பிரதான ஃபிளாஷ் மேலே, சற்று முன்னால் இருக்கட்டும். அது 1/8 என்றால் இரண்டாவதை 1/32க்கு இறக்குங்கள். இரண்டு ஸ்டாப் வித்தியாசம். அதைப் பக்கவாட்டில், கொஞ்சம் பின்னாலிருந்து அடித்தால் கால் ரோமங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்வது தெரியும். எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். இந்த நெருக்கத்தில் பவர் பொத்தானைவிட தூரம்தான் ராஜா. ஃபிளாஷை 10 செ.மீ.யிலிருந்து 20 செ.மீ.க்கு நகர்த்தினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

கேள்வி: பகலில் மா இலையில் முசுறு எடுத்தேன். பின்னணி நள்ளிரவு மாதிரி இருக்கிறது.

பதில்: ஃபிளாஷுக்கு 10 செ.மீ.யில் முசுறு, 50 செ.மீ.யில் பின்னணி இலை என்றால், இலைக்குப் போய்ச் சேர்வது இருபத்தைந்தில் ஒரு பங்கு. இரண்டாவது ஃபிளாஷை எறும்புக்குக் காட்டாமல் அந்த இலையைப் பார்த்துத் திருப்புங்கள். பச்சை வந்துவிடும். இரண்டாவது ஃபிளாஷுக்குக் காசு செலவழிக்க நான் ஒரே ஒரு காரணம் சொல்லவேண்டும் என்றால் இதைத்தான் சொல்வேன்.

கேள்வி: அப்பாவின் ஃபிலிம் காலத்து ஃபிளாஷ் ஒன்று சும்மா கிடக்கிறது, பயன்படுமா சார்?

பதில்: பயன்படும், ஆனால் கேமரா தலையில் மட்டும் மாட்டாதீர்கள். சில பழைய ஃபிளாஷ்களில் கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கும் மேல் இருக்கும். இன்றைய கேமராவின் சர்க்யூட் போய்விடலாம். தனியாக ஒரு ஸ்லேவ் சென்சாரில் மாட்டி, மற்ற ஃபிளாஷின் வெளிச்சத்தைப் பார்த்து எரிய விடுங்கள். பிரதான ஃபிளாஷ் டிடிஎல்லில் (கேமராவே பவரைத் தீர்மானிக்கும் முறை) இருந்தால் அதன் முன்னோட்ட மினுக்கலிலேயே பழையது எரிந்து முடிந்துவிடும். அதனால் மேனுவலில் வையுங்கள்.

கேள்வி: என் ஸ்லேவ் ஃபிளாஷ் வீட்டுக்குள் எரிகிறது, வெயிலில் சண்டித்தனம் செய்கிறது.

பதில்: வெயிலில் சென்சாருக்குக் கண் கூசும், குறுக்கே இலை வந்தாலும் போச்சு. வெளிச்சத்துக்குப் பதில் ரேடியோ அலையால் ஃபிளாஷை எரிய வைக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ட்ரிக்கர் வாங்கிவிடுங்கள். ஃபிளாஷும் ட்ரிக்கரும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும்.

கேள்வி: ஒரு கையில் கேமரா, இன்னொரு கையில் கிளை. இரண்டாவது ஃபிளாஷை யார் பிடிப்பது?

பதில்: துணைக்கு ஆள் வந்தால் அவர் கையில் கொடுங்கள். தனியாகப் போனால் சின்ன டேபிள் டிரைபாட், இல்லையென்றால் கிளையில் ஒரு கிளாம்ப். கேமராவிலேயே இரட்டைக் கை பிராக்கெட் மாட்டலாம்தான். ஆனால் பாரம் அதிகம், பிராக்கெட்டின் கை இலையில் உரசினால் பூச்சி பறந்துவிடும். விடிந்தவுடன் போங்கள், குளிரில் அவை சோம்பிக் கிடக்கும்.