டீசல் காரின் டிபிஎஃப் அடைப்பும் இன்ஜின் ஆயிலும்

கேள்வி: என் பி.எஸ்.6 டீசல் காரில் டிபிஎஃப் (புகையில் வரும் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) விளக்கு அடிக்கடி எரிகிறது. வெளி ஒர்க்‌ஷாப்பில் 5டபிள்யூ-30 சிந்தடிக் ஆயில் ஊற்றினார்கள். அது காரணமாக இருக்குமா?
- வாசகர், ஈரோடு

பதில்: உடனடிக் காரணம் பெரும்பாலும் குறுகிய நகர ஓட்டம்தான். டிபிஎஃப்பில் சேரும் கரி, சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரிந்துவிடும். கடைத்தெருவுக்குப் போய்த் திரும்பும் ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. விளக்கு எரிந்ததும், கையேட்டில் சொன்ன வேகத்தில் புறவழிச்சாலையில் 15-20 நிமிடம் நிற்காமல் ஓட்டிப் பாருங்கள்.

ஆயில் செய்யும் கேடு மெதுவானது. ஆனால் எளிதில் தீராதது. ஆயிலில் கலந்துள்ள கால்சியம், மெக்னீசியம், துத்தநாகம் ஆகியவை எரிந்தபின் சாம்பலாக நிற்கும். எந்தச் சூட்டிலும் அது போகாது. சாம்பல் ஏற ஏற, கரிக்கு இடம் குறையும், விளக்கும் சீக்கிரமாக எரியத் தொடங்கும். பிறகு ஆயிலை மாற்றினாலும் பழைய சாம்பல் அப்படியே இருக்கும். டிபிஎஃப்பைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும்.

5டபிள்யூ-30 என்பது ஆயிலின் கெட்டித்தன்மை மட்டுமே. கேனின் பின்பக்கம் ஏ.சி.இ.ஏ. (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர் சங்கத்தின் ஆயில் தரக்குறியீடு) என்ற வரியைப் பாருங்கள். சி2, சி3 என்றால் சாம்பல் அளவு 0.8 சதவீதத்தைத் தாண்டாது. ஏ3/பி4 மட்டும் என்றால் 1.6 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் ஆயில் எரிந்தால் முதல் வகையில் சுமார் 7 கிராம் சாம்பல், இரண்டாவதில் 14 கிராம் வரை. விலையைவிட இந்த எழுத்துதான் முக்கியம். உங்கள் காரின் கையேட்டில் எது இருக்கிறதோ, அதையே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறதே?
- வாசகர், மதுரை

பதில்: அது டீசல். கரியை எரிக்க, இன்ஜின் கூடுதலாக டீசலைப் பீய்ச்சும். பாதியில் சாவியை அணைத்தால் எரிப்பு முடியாமல் மறுபடி மறுபடி பீய்ச்ச நேரும். அதில் ஒரு பங்கு சிலிண்டர் சுவரோடு வழிந்து கீழே ஆயிலில் சேரும். ஆயில் நீர்த்து தேய்மானம் கூடும். அளவு மிகுந்தால் ஆயில் ஆவி, காற்று உள்ளே போகும் இன்டேக் வழியே போய் எரிந்து, துகளும் சாம்பலும் பெருகும். முற்றினால் இன்ஜின் தன் ஆயிலையே எரித்துக் கட்டுப்பாடின்றி ஓடும். சமதரையில், இன்ஜினை அணைத்து 10 நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கொஞ்சம் வடிப்பது போதாது, முழுக்க மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பழைய பெட்ரோல் கார் ஆயில் குடிக்கிறது. புகைச் சான்று கிடைத்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?
- வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்தச் சோதனை பெட்ரோல் வண்டியில் வாயுக்களை மட்டுமே அளக்கிறது, துகள்களை அல்ல. அதனால் சான்றை நம்பி அப்படியே விடாதீர்கள். சற்று நேரம் ஐடிலில் நின்று ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் நீலப்புகை வந்தால் முதலில் வால்வ் சீலைப் பாருங்கள். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங்.