கேளுங்க, சொல்றோம்: ஈசியூ மாத்துறதுக்கு முன்னாடி டேங்க்ல இருந்து ஆரம்பிங்க

கேள்வி: 2012 மாடல், 24 வோல்ட், ஆறு சிலிண்டர் காமன் ரெயில் வண்டி வச்சிருக்கேன். காட்டுப்பள்ளி துறைமுகத்துல இருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு லோடு. காலைல செல்ஃப் ரொம்ப நேரம் அடிச்சாதான் ஸ்டார்ட் ஆகுது. லோடோட மேம்பாலம் ஏறும்போது திடீர்னு இழுவை போயிடும், செக் இன்ஜின் லைட் எரியும், ஓரங்கட்டி ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு மறுபடி சாவி போட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ஸ்கேனர்ல பி0087 வந்துச்சு, ஹைபிரஷர் பம்ப் போச்சுன்னு ரீகண்டிஷன் பம்ப் போட்டாங்க. கொஞ்ச நாள்ல திரும்பவும் அதே கதை. இப்ப ஈசியூ, அதாவது இன்ஜின் கம்ப்யூட்டர் மாத்தணும்ங்கறாங்க. மாத்திடலாமா?
— லாரி உரிமையாளர், மாதவரம்

பதில்: வேண்டாம்ணே, ஈசியூவ தொடாதீங்க. அந்த பி0087 கோடுக்கு அர்த்தம் ரெயில்ல, அதாவது சிலிண்டர்ல டீசல் பீச்சுற இன்ஜெக்டர் எல்லாத்துக்கும் ஹைபிரஷர் டீசல் கொடுக்குற பொதுக் குழாய்ல, ஈசியூ கேட்ட பிரஷர் வரலங்கறது மட்டும்தான். ஏன் வரலங்கறது அதுக்குத் தெரியாது. டேங்க்ல அடைப்பு இருந்தாலும் அதே கோடுதான், இன்ஜெக்டர் உள்ளுக்குள்ள ஒழுகினாலும் அதே கோடுதான், பம்ப் தேஞ்சாலும் அதே கோடுதான். பம்ப் போச்சுன்னு ஸ்கேனர் எங்கயும் சொல்லல, அத படிச்சவர் சொன்னது அது.

நீங்க எழுதுனதுலயே ரெண்டு துப்பு இருக்கு. ராத்திரி முழுக்க நின்ன வண்டி காலைல ஸ்டார்ட் ஆக அடம்பிடிச்சா, பெரும்பாலும் டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிடுது, லைன்ல காத்து ஏறிடுதுன்னு அர்த்தம். அதே வண்டி சூடா இருக்கும்போது அடம்பிடிச்சா அது வேற, சூட்டுல டீசல் இளகி இன்ஜெக்டர்லயோ பம்ப்லயோ உள்ளுக்குள்ள ஒழுகுறதோட அடையாளம். உங்களுது காலைலதான். அடுத்த துப்பு, கொஞ்ச நேரம் நிறுத்தினா சரியாகுறது. டேங்க்ல இருக்குற அழுக்கு, பாசி, எப்பவோ விழுந்த துணிப் பிசிறு எல்லாம் லோடுல டீசல் வேகமா இழுக்கப்படும்போது உறிஞ்சுற பைப்போட வாய்ல போய் ஒட்டிக்கும், இன்ஜின் நின்னா உறிஞ்சல் நின்னு கீழ விழுந்துடும், அப்புறம் நல்லா ஓடும். பம்ப் கெட்டிருந்தா பத்து நிமிஷ ஓய்வுல அது நல்லாயிடாதுல்ல.

அதனால டேங்க்ல இருந்து ஆரம்பிங்க. சக்ஷன் பைப்ப கழட்டி வலை பாருங்க. டேங்க்ல இருந்து ப்ரீ ஃபில்டர் வரைக்கும் வர்ற ரப்பர் ஹோஸ்ஸ கையில அமுக்கிப் பாருங்க, வெளிய நல்லா தெரியும், உள்பக்கம் உரிஞ்சு மடிஞ்சு லோடுல ஒட்டிக்கும். பைப் போல்ட்டுக்கு போடுற செம்பு வாஷர் எல்லாம் புதுசு போடுங்க, பழச திருப்பிப் போடுறதுதான் இங்க பாதி ஷெட்டுல நடக்குது. காத்து இழுக்குற ஓட்டைல டீசல் வெளிய சொட்டாதுங்கறத மறந்துடாதீங்க, அது உறிஞ்சுற பக்கம், உள்ளதான் இழுக்கும், அதனால ஈரம் தேடி கண்டுபிடிக்க முடியாது.

இதுக்கு ஒரு சின்ன வேலை பண்ணுங்க. டேங்க்ல இருந்து டீசல இழுக்குற ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி ஒரு முழம் அளவுக்கு டீசல் தாங்குற கண்ணாடி மாதிரி தெரியுற ஹோஸ் போட்டு, டார்ச் அடிச்சுகிட்டு இன்ஜின ஓட விட்டுப் பாருங்க. முதல்ல சில குமிழி வரும், அது நீங்க கழட்டி மாட்டுனதுல போன காத்து, கொஞ்ச நேரத்துல போயிடும். அதுக்கப்புறமும் ஊசி முனை அளவு குமிழி வரிசையா விடாம வந்துகிட்டே இருந்தா, ரேஸ் பண்ணும்போது கூடினா, உங்க வியாதி அதுதான். டேங்க்ல இருந்து ஒவ்வொரு ஜாயிண்ட்டா கிரீஸ் தடவிப் பாருங்க, எந்த இடத்துல தடவினதும் குமிழி நிக்குதோ அங்க ஓட்டை.

இதெல்லாம் சுத்தமா இருந்தாதான் ஹைபிரஷர் பக்கம் வரணும். ஸ்கேனர்ல கோடு படிக்கறதோட நிறுத்தாம, ஓடும்போதே அளவுகள காட்டுற லைவ் டேட்டா போடச் சொல்லுங்க. ரெயில் பிரஷர் கேட்டது, வந்தது ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இன்ஜின் நின்னு சில நிமிஷம் ஆனதும் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டணும், அப்பவும் பிரஷர் காட்டுச்சுன்னா சென்சார் இல்லன்னா அதோட வயர். சென்சாருக்கு 5 வோல்ட் போகும், பிரஷர் இல்லாதப்ப சிக்னல் பெரும்பாலும் 0.5 வோல்ட் பக்கம் நிக்கும். செல்ஃப் அடிக்கும்போது 200 பார் சுத்துவட்டாரத்துக்கு ஏறினாதான் நிறைய சிஸ்டத்துல ஈசியூ இன்ஜெக்டரயே திறக்கும். ஐடில்ல 300, 400 பார். உங்க வண்டி காலத்து மாடல்ல முழு லோடுக்கு 1600 பார் பக்கம் போகும். முக்கியமா, நிறுத்தி வச்சு ரேஸ் பண்ணி பாத்தா இந்தக் கம்ப்ளைன்ட் வராது, லோடோட வெளிவட்டச் சாலைல மேம்பாலம் ஏறும்போது ஒருத்தர் பக்கத்துல உக்காந்து ஸ்கேனர்ல ரெக்கார்ட் பண்ணணும். கேட்டதும் வந்ததும் எந்த இடத்துல பிரியுதுன்னு அந்த ரெக்கார்டு காட்டிடும்.

அப்புறம் ரிட்டர்ன் டெஸ்ட், அதாவது இன்ஜெக்டர்ல இருந்து டேங்குக்குத் திரும்புற டீசல அளந்து பாக்கறது. ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனி பாட்டில்ல விட்டு ஐடில்ல ஓட்டிப் பாத்தா, அஞ்சு பாட்டில்ல ஒரே மட்டத்துல இருந்து ஒண்ணு மட்டும் பல மடங்கு நிரம்பியிருக்கும், அதுதான் பிரஷர தின்னுற இன்ஜெக்டர். ஆனா சில இன்ஜின்ல ரிட்டர்ன் ஹெட்டுக்குள்ளயே ஓடும், பாட்டில் வைக்க வழியில்ல. அங்க மொத்த ரிட்டர்ன அளந்துட்டு, இன்ஜின் நிறுத்தி பிரஷர் இறங்கினப்புறம் ரெயில்ல ஒவ்வொரு லைனா அதுக்குன்னு இருக்குற கேப் போட்டு அடைச்சு, எத அடைச்சா பிரஷர் ஏறுதுன்னு பாக்கணும். ரெயில் முனைல இருக்குற பிரஷர் லிமிட் வால்வோட ரிட்டர்ன்லயும் டீசல் வருதான்னு பாருங்க, அங்க வரவே கூடாது, அது ஒழுகினா புது பம்ப் போட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஹைபிரஷர் பம்ப்புக்குள்ள போற டீசல் அளவ கட்டுப்படுத்துற மீட்டரிங் யூனிட்டும் அழுக்குல சிக்கும்.

கழட்டின பழைய பம்ப் உங்ககிட்ட இருந்தா தூக்கிப் போட்டுடாதீங்க. டெஸ்ட் பெஞ்ச் இருக்குற கடைல ஏத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க, அது நல்ல பம்ப்பா இருக்கவே வாய்ப்பு அதிகம்னு நெனைக்கிறேன்.

கேள்வி: பாடில ஒரு ஷெட்டுல வேலை கத்துக்கறேன். மிஸ்ஸிங் வந்தா, அதாவது ஒரு சிலிண்டர் சரியா வேலை செய்யலன்னா, அது எந்த சிலிண்டர்னு பாக்க ஓடுற இன்ஜின்ல ஒவ்வொரு இன்ஜெக்டர் பைப் நட்டா லூஸ் பண்ணிப் பாப்பார் எங்க பெரியவர். காமன் ரெயில் வண்டிலயும் அப்படிப் பாக்கலாமா?
— இளம் மெக்கானிக், பாடி

பதில்: கூடவே கூடாது தம்பி. உங்க பெரியவர் பழகுனது, பம்ப்ல இருந்தே ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி பைப் போற பழைய இன்லைன் பம்ப் வண்டில. அதுல நாசில் ஏறக்குறைய 200 பார்ல திறக்கும், பைப்ல பிரஷர் ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் ஏறி இறங்கும், அந்த வித்தை அங்க செல்லும். காமன் ரெயில்ல ஐடில்லயே 300 பாருக்கு மேல பிரஷர் இறங்காம நிக்குது. நட்ட லூஸ் பண்ணா வர்ற பீச்சல் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசா இருக்கும், கையுறை, தோல் எல்லாத்தையும் துளைச்சு உள்ள போயிடும். ஒழுகுதான்னு பாக்கணும்னா ஒரு அட்டைத் துண்ட நீட்டிப் பாருங்க, கைய வைக்காதீங்க.

பயமுறுத்தறதுக்கு சொல்லல, தெரிஞ்சு வச்சுக்கோங்க: டீசல் உள்ள போன இடம் முள்ளு குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் இருக்கும், முதல்ல பெருசா வலிக்கக்கூட செய்யாது, அதனால பிளாஸ்டர் ஒட்டிகிட்டு வேலையப் பாப்பாங்க. உள்ள சதை அழுகிகிட்டே போகும். விரலே எடுக்க வேண்டிய நிலைமை வரும். அந்த மாதிரி ஆச்சுன்னா அந்த நிமிஷமே அறுவை சிகிச்சை வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் 'ஹைபிரஷர் டீசல் தோலுக்குள்ள பீச்சிடுச்சு'ன்னு இதே வார்த்தைல சொல்லணும், கைல முள்ளு குத்திடுச்சுன்னு சொன்னா ஊசி போட்டு அனுப்பிடுவாங்க. இத உங்க ஷெட்டுல எல்லார்கிட்டயும் சொல்லுங்க, பெரியவர்கிட்டயும் தயங்காம சொல்லுங்க.

மிஸ்ஸிங் பாக்க வழி இருக்கு. ஸ்கேனர்லயே ஒவ்வொரு சிலிண்டரா கட் பண்ற டெஸ்ட் இருக்கும், கட் பண்ணியும் ஆர்பிஎம் இறங்கலன்னா அந்த சிலிண்டர் ஏற்கனவே வேலை செய்யல. இன்ஜின் நிறுத்திட்டு இன்ஜெக்டர் காயில் ஓம் அளந்து ஆறையும் ஒப்பிட்டுப் பாருங்க, சாலினாய்டு டைப்ல ஒரு ஓமுக்கும் கம்மியாதான் இருக்கும், அதனால மீட்டர் வயரோட ஓம முதல்ல கழிச்சுக்கோங்க. ஓடும்போது இன்ஜெக்டர் வயர தொடாதீங்க, அதுல சுமார் 80 வோல்ட் வரைக்கும் போகும்.

கேள்வி: மழை பேஞ்சாலோ பள்ளத்துல விழுந்தாலோ வண்டி சட்டுனு ஆஃப் ஆகுது, மீட்டர்ல எல்லா லைட்டும் எரியுது, அப்புறம் தானா வந்துடுது. பேட்டரி புதுசு. எலக்ட்ரீஷியன் ஈசியூக்கு கரண்ட் வருது, 24 வோல்ட் காட்டுதுன்னு சொல்லிட்டார்.
— டிரைவர், எண்ணூர்

பதில்: 24 வோல்ட் காட்டுறது எதையும் நிரூபிக்காதுண்ணே. வயர்ல இருபது இழை அறுந்து ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் மீட்டர் 24தான் காட்டும், ஏன்னா மீட்டர் கரண்டே இழுக்காது. ஈசியூ கப்ளர (வயர் பிளக்க) கழட்டிட்டு, அதுக்கு வர்ற பவர் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல ஒரு 24 வோல்ட் 70 வாட் ஹெட்லைட் பல்ப மாட்டச் சொல்லுங்க. அது 3 ஆம்பியர் பக்கம் இழுக்கும். பல்ப் பளிச்சுனு எரியணும், எரியும்போதே பல்ப் முனைல வோல்ட் அளந்தா பேட்டரில இருக்குறதுக்கு கிட்டத்தட்ட சமமா வரணும். மங்கலா செம்பழுப்பா எரிஞ்சா கோளாறு வயர்ல. எரிஞ்சுகிட்டு இருக்கும்போதே ஹார்னஸ்ஸ (வயர் கட்ட) ஒரு முனைல இருந்து ஆட்டிகிட்டே வாங்க, எந்த இடத்துல பல்ப் சிமிட்டுதோ அங்க டேப்ப பிரிங்க. பின்னுக்குள்ள தடிச்ச ஊசிய மட்டும் விடாதீங்க, பின் அகண்டுட்டா அதுவே புது வியாதி.

எண்ணூர், மணலி பக்கம் உப்புக் காத்து, அதனால எர்த்துல பச்சை பூத்துடும். பேட்டரி நெகட்டிவ்ல இருந்து சேசிஸ், சேசிஸ்ல இருந்து இன்ஜின் பிளாக், ரெண்டு ஜாயிண்ட்டையும் கழட்டி பெயிண்ட் போற வரைக்கும் தேய்ச்சு இறுக்குங்க. அப்புறம் ஒருத்தர் செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல மீட்டர் வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா எர்த் இன்னும் சரியில்ல. மெயின் ரிலே, ஃபியூஸ் ஹோல்டர் இதெல்லாம் கருகியிருக்கான்னு பாருங்க. டிசம்பர் 2023 மிக்ஜாம் வெள்ளத்துல வண்டி நின்னிருந்தா, கேபினுக்குக் கீழ ஓடுற ஒவ்வொரு கப்ளரையும் கழட்டிப் பாத்தே ஆகணும். வாட்டர் சர்வீஸ்ல ஈசியூ பக்கம் கன் காட்ட விடாதீங்க.

கேள்வி: ரெட்ஹில்ஸ்ல லாரி பாடில வெல்டிங் வச்சதுக்கு அப்புறம் ஸ்கேனர் கனெக்டே ஆகல.
— லாரி உரிமையாளர், சோழவரம்

பதில்: முதல்ல ஈசியூ ஃபியூஸ் எல்லாத்தையும் கழட்டி மீட்டர்ல பாருங்க, கண்ணால பாத்து நல்லாருக்குன்னு விடாதீங்க. அடுத்தது பேட்டரி கழட்டிட்டு டயக்னஸ்டிக் சாக்கெட்ல, ஈசியூவும் ஸ்கேனரும் பேசிக்கற கேன் லைனோட ரெண்டு வயருக்கும் நடுவுல ஓம் அளங்க, 60 வரணும். 120 வந்தா ஒரு முனை அறுந்திருக்கு, பூஜ்யம் பக்கம் வந்தா ரெண்டும் ஷார்ட். இதெல்லாம் சரியா இருந்து, மேல சொன்ன பல்ப் டெஸ்ட்லயும் பவர் வந்தா மட்டும் ஈசியூவ பெஞ்ச்ல பாக்கக் கொடுங்க. இனிமே வெல்டிங்னா பேட்டரி ரெண்டு முனையும் கழட்டணும், ஈசியூ கப்ளர் கழட்டணும், எர்த் கிளாம்ப் வெல்டு வைக்கற இடத்துக்குப் பக்கத்துலயே போடச் சொல்லணும்.

கேள்வி: ஆக்ஸிலேட்டர் மிதிச்சா ஏறவே இல்ல, ஐடில்லயே நிக்குது. பம்ப்பா?
— டிரைவர், திருவொற்றியூர்

பதில்: பெடல் சென்சார பாருங்க. உள்ள ரெண்டு டிராக் இருக்கும், நிறைய வண்டில ஒண்ணோட வோல்ட் இன்னொண்ணுல பாதி. ரெண்டும் பொருந்தலன்னா ஈசியூ பாதுகாப்புக்காக மிதிக்கறத கணக்குலயே எடுத்துக்காது. லைவ் டேட்டால மெதுவா மிதிச்சு ரெண்டும் துள்ளாம ஒரே சீரா ஏறுதான்னு பாத்தா போதும். கேபின்ல பெடலுக்குக் கீழ தண்ணி, மண்ணு போய் கப்ளர் கெடுறது சகஜம்.

கேள்வி: ஈசியூ போனது உறுதியாயிடுச்சு, பெஞ்ச்லயும் சொல்லிட்டாங்க. புதுப்பேட்டைல பழைய ஈசியூ வாங்கிப் போடலாமா?
— லாரி உரிமையாளர், கும்மிடிப்பூண்டி

பதில்: போடலாம், ஆனா ஒரே கம்பெனி, ஒரே மாடல்னு சொன்னா போதாது. உங்க ஈசியூ மேல இருக்குற லேபிள செல்போன்ல போட்டோ எடுத்துட்டுப் போங்க, ஹார்ட்வேர் நம்பர் முழுசா ஒத்துப் போகணும். அதே இன்ஜினுக்கு வேற ஹெச்பி, வேற ஆக்ஸில் ரேஷியோன்னு சாஃப்ட்வேர் மாறும், அத உங்க வண்டிக்கு எழுதித்தர ஆள் இருக்கான்னு முதல்ல உறுதி பண்ணிட்டு காசு கொடுங்க. சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத இமொபிலைசர் இருக்குற வண்டின்னா சாவியும் சேத்து பழக்கணும். உங்க இன்ஜெக்டர்ல கோடு நம்பர் அடிச்சிருந்தா, சிலிண்டர் வரிசைப்படி எழுதி வச்சுகிட்டு புது ஈசியூல ஏத்தச் சொல்லுங்க, ஏத்தலன்னா வண்டி ஓடும் ஆனா புகை, மிஸ்ஸிங்னு திரும்ப ஷெட்டுக்கு அலைவீங்க. உங்க பழைய ஈசியூவ எக்ஸ்சேஞ்சுக்கு உடனே கொடுத்துடாதீங்க. அதுல இருந்து டேட்டா படிக்க முடிஞ்சா அத அப்படியே காப்பி பண்றதுதான் ரொம்ப சுலபமான வழி.