சாலிட்டானின் வாலில் ஒளிந்திருக்கும் நிறை: கேள்வி பதில்

எல்லாக் கேள்விகளும் ஆழமில்லா நீரின் அலைகளை விவரிக்கும் கே.டி.வி. (கோர்ட்டவெக்–டி விரீஸ்) சமன்பாட்டை ஒட்டியவை. இதில் உ என்பது அலையின் உயரம்: உ-வின் நேர வகைக்கெழு + 6 × உ × உ-வின் இட வகைக்கெழு + உ-வின் மூன்றாம் இட வகைக்கெழு = 0. சாலிட்டான் என்பது வடிவம் மாறாமல் ஓடும் தனி அலை, கப்பா அதன் அளவைக் குறிக்கும் எண். சாலிட்டானின் உயரம் 2 கப்பா வர்க்கம், வேகம் 4 கப்பா வர்க்கம். நிறை, அதாவது உ-வின் தொகையீடு, 4 கப்பா. உந்தம், அதாவது உ வர்க்கத்தின் தொகையீடு, 16/3 கப்பா கனம்.

கேள்வி: வலப்பக்கம் 0 இருந்த இடத்தில் எப்சிலான் × உ என்ற தணிப்பை எதிர்க்குறியோடு வைத்தேன். கப்பா 1, எப்சிலான் 0.01. மொத்த நிறை எப்சிலான் வீதத்தில் தேயும் என்ற நிறை விதிப்படி நேரம் 50-இல் உயரம் 0.74 ஆக வேண்டும். கணினியோ ஏறத்தாழ 1.03 என்கிறது. நிரலில் பிழையா?

பதில்: நிரல் சரி. மொத்த நிறையை முழுக்கச் சாலிட்டானின் கணக்கில் எழுதியதுதான் தவறு. உந்தத்தை எடுங்கள்: அது 2 எப்சிலான் வீதத்தில் தேய்கிறது. உந்தம் கப்பா கனத்தைப் பொறுத்தது என்பதால் கப்பா தேயும் வீதம் எப்சிலானில் மூன்றில் இரண்டு பங்கு. நேரம் 50-இல் கப்பா 0.717, உயரம் 1.03. அப்போது சாலிட்டானின் நிறை 2.87, மொத்த நிறையோ 2.43 தான். இடிக்கும் −0.44, பின்னால் நீளும் தட்டையான வாலில் இருக்கிறது. வால் பிறக்கும்போது அதன் உயரம் −எப்சிலான் / (3 கப்பா), தொடக்கத்தில் −0.0033. வரைபடத்தில் கண்ணுக்கே படாது. செங்குத்து அச்சை நூறு மடங்கு பெருக்கிப் பாருங்கள்.

கேள்வி: உந்தத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சிக்கல் இல்லை?

பதில்: வாலின் உயரம் எப்சிலான் அளவு, நீளம் 1/எப்சிலான் அளவு. பெருக்கினால் நிறையில் 1 அளவுக்குப் பங்கு வந்துவிடுகிறது. உந்தத்தில் உயரம் வர்க்கமாவதால் பங்கு எப்சிலான் அளவே. முதல் தோராயத்தில் விட்டுவிடலாம்.

கேள்வி: வால் எப்போதும் பள்ளமாகத்தான் இருக்குமா?

பதில்: இல்லை. தணிப்புக்குப் பதில் பாகுநிலை உறுப்பை (நியூ × உ-வின் இரண்டாம் இட வகைக்கெழு) வைத்தால் மொத்த நிறை மாறாது. கப்பாவோ 8/15 × நியூ × கப்பா கனம் என்ற வீதத்தில் குறைகிறது. சாலிட்டான் இழந்த நிறை வாலில் மேடாகச் சேரும். உயரம் +8/15 × நியூ × கப்பா.

கேள்வி: நேரத்தையும் இடத்தையும் சிறு அடிகளாக வெட்டிக் கணக்கிடும் சபஸ்கி–கிரஸ்கல் 1965 முறையில் நிரல் எழுதினேன். சில அடிகளிலேயே எண்கள் வெடிக்கின்றன.

பதில்: நேர அடி பெரிதாக இருக்கும். மூன்றாம் வகைக்கெழுவால் வரும் வரம்பு சுமார் 0.385 × இட அடியின் கனம். இட அடி 0.1 என்றால் நேர அடி 0.00038-ஐத் தாண்டக்கூடாது, உ × இட வகைக்கெழு உறுப்பையும் கணக்கில் கொண்டு 0.0003 வையுங்கள். இட அடியைப் பாதியாக்கினால் நேர அடி எட்டில் ஒன்றாகும். இந்த முறைக்கு முந்தைய இரண்டு நேர நிலைகள் வேண்டும், ஆகவே முதல் அடியை மட்டும், முந்தைய ஒரே நிலை போதும் என்ற ஆய்லர் முறையில் எடுங்கள்.

இன்னொரு பொறி, சுழல் எல்லை: களத்தின் ஒரு ஓரத்தில் வெளியேறுவது மறு ஓரத்தில் நுழையும் ஏற்பாடு. மேற்சொன்ன தணிப்புக் கணக்கில் சாலிட்டான் 146 அலகு ஓடுகிறது. களம் 100 அலகு என்றால் அது சுற்றி வந்து தன் வாலின் மேலேயே ஏறும். 200-க்குக் குறையாமல் வையுங்கள். ஓரத்தில் உறிஞ்சும் பட்டை வைத்தால் அது விழுங்கும் நிறையையும் கணக்கில் எழுத மறக்காதீர்கள்.

கேள்வி: தணிப்பே இல்லாமல் கப்பா 1, 0.5 என இரண்டு சாலிட்டான்கள் மோதினால் ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் பெயரும்?

பதில்: பெரியது 1.10 முன்னே, சின்னது 2.20 பின்னே. நிறைகள் 4-உம் 2-உம் என்பதால் நிறை மையம் தன் பாதையை விட்டு விலகாது. உங்கள் நிரலைச் சோதிக்க இதைவிட மலிவான வழி இல்லை.