லயத்து இஸ்தோப்பில் ஒரு முறை

அன்புள்ள அக்காவுக்கு,

1975இல் இலங்கை மலையகத்து ஹட்டனில் ஒப்பாரிக் கோச்சி, அதுதான் நம் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய அழுகை ரயில், ஏறும்போது எனக்குப் பதினாறு வயது. இன்று கோத்தகிரியில் பேரன் பேத்தி எடுத்துவிட்டேன். கொஞ்ச நாளாகத் தூக்கத்தில் எங்கள் லயம்தான், தேயிலைத் தோட்டத்து அந்த வரிசை வீடுதான், வருகிறது. பீலித் தண்ணீர் விழுகிற சத்தத்தில் விழித்துக்கொள்கிறேன். ஒரு முறை வந்து அந்த இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில், உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். "பட்டினி கிடந்த இடத்தைப் பார்க்க யாராவது செலவு செய்து போவார்களா?" என்கிறான் மகன். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. வரலாமா?

க., கோத்தகிரி

அன்புள்ள தம்பி,

வாருங்கள்.

மகன் சொல்வதில் பொய் இல்லை. 1973, 1974 பஞ்சத்தில் மாவுக்கும் கிழங்குக்கும் அலைந்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. 1948இல் இலங்கை அரசு நம் மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து நம்மைப் பங்கு பிரித்தன. போகிறாயா, இருக்கிறாயா என்று பதினாறு வயதுப் பையனிடம் யார் கேட்டார்கள்? முழுதாக வாழ்ந்து கழித்த வயதை மனம் எப்படியோ விட்டுவிடுகிறது. உங்களுடையது பாதியில் அறுந்தது. அறுந்த இடத்தை அது தேடத்தான் செய்யும். வயதான காலத்து ஏக்கம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எப்படி வருவது என்பதில் எனக்கு ஒரு பாடம் இருக்கிறது. என் அண்ணனும் அந்தக் கோச்சியில் போனவர்தான். 2011இல் வந்தார். மறுநாள் காலையிலேயே பழைய லயத்துக்குக் கூட்டிப்போனேன். எங்கள் காம்பராவில் வேறு குடும்பம். கதவுக்கு நீல வர்ணம் அடித்திருந்தார்கள். ஒரு சின்னப் பெண் எட்டிப் பார்த்து, "யாரைத் தேடுகிறீர்கள்?" என்றாள். அண்ணனுக்கு வாய் வரவில்லை. நிலைப்படியில் கையை வைத்தார், எடுத்தார், இறங்கி நடந்துவிட்டார். வழியெல்லாம் ஒரு சொல் பேசவில்லை. அவசரப்பட்டு அழைத்துப்போனது என் பிழை.

நல்ல வேளை, அது மாசி மாதம். அமாவாசை கழிந்து, சிவன் காமனை எரிக்கும் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றியிருந்தார்கள். இரவு தப்புச் சத்தம் கேட்டதும் அண்ணன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுந்து போனார். காமனின் மனைவி ரதி புலம்புகிற இடத்தில் பாடிய பையன் ஓர் அடியைத் தவறவிட்டான். கூட்டத்தின் பின்னால் நின்ற அண்ணன் தன்னை அறியாமல் அந்த அடியை எடுத்துக் கொடுத்தார். தப்படித்துக்கொண்டிருந்த கிழவர் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"டேய், நம் ரதி அல்லவா நீ?"

பதினேழு வயதில் ரதி வேடம் கட்டியவர் என் அண்ணன். அந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டு எத்தனை வருடம்! விடியும்வரை அவர் வீட்டுக்கு வரவில்லை.

ஆகவே நீங்களும் மாசியில் வாருங்கள், காமன் எரியும் வரை இருங்கள். பல தோட்டங்களில் லயத்தை இடித்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். உங்கள் இஸ்தோப்பு நிற்கிறதா என்று நான் முன்னதாகப் போய்ப் பார்த்து எழுதுகிறேன். தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் அனுப்புங்கள். உங்கள் அப்பாவை மலையில் என்ன பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவில், இருக்கும் பெயரைச் சொன்னால் இங்கே ஒருவருக்கும் தெரியாது.

மகனையும் அழைத்து வாருங்கள். மாசிப் பனி பொல்லாதது, கம்பளி இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா