‘ரூட்ஸ்’: யாருடைய தாளம்? – கடிதம்

வணக்கம் ஐயா,

பிரேசிலின் மெட்டல் இசைக்குழு செபுல்துராவின் ‘ரூட்ஸ்’ (வேர்கள்) ஆல்பத்தைப் பாராட்டி நீங்கள் எழுதியதைப் படித்தேன். பெலோ ஹொரிசோன்டே நகரத்துப் பையன்கள் கலிபோர்னியாவில் ஸ்டூடியோ பிடித்து, நடுவில் ஒரு பழங்குடிப் பாட்டை ஒட்டவைத்ததை நாட்டார் கலைக்குச் செய்த மரியாதை என்கிறீர்கள். எனக்கு அது ஊறுகாய் மாதிரிதான் படுகிறது. தொட்டுக்கொள்ளக் கொஞ்சம் ஷவாந்தே பழங்குடி, கொஞ்சம் பாஹியா மாநிலம். மெட்டலை விற்க ஒரு புது உறை. நான் தவறாகக் கேட்கிறேனா?

ர.

அன்புள்ள ர.,

நீங்கள் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். ஆல்பத்தில் கேட்கும் ஒற்றைக் கம்பி வாத்தியமான பெரிம்பாவ், பாஹியாவின் கறுப்பின மக்களுடையது. ஷவாந்தேக்களோ மாட்டோ குரோசோ மாநிலத்தின் புல்வெளிக்காரர்கள். இடையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். மொழி வேறு, பட்ட பாடும் வேறு. எல்லாரையும் ஒரே பையில் போட்டு ‘வேர்கள்’ என்று பெயர் வைப்பது நகரத்துக்காரர்களின் பார்வைதான். எனக்கும் அது உறுத்துகிறது.

ஆனால் நீங்கள் சொல்லும் அந்தப் பழங்குடிப் பாட்டு ‘இட்சாரி’யை ஊறுகாய் என்றால் ஏற்க மாட்டேன். ஸ்டூடியோவுக்கு யாரையும் வரவழைத்துப் பாடவைத்த பாட்டு இல்லை அது. குழுவினர் ஷவாந்தே கிராமத்துக்கே போய்த் தங்கினார்கள். அங்கேயே பதிவு செய்தார்கள். மெட்டல் குழுவுக்குச் சத்தம்தான் சொத்து. அதை வெளியே வைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பாடுகிறவர்கள் ஷவாந்தேக்கள். குழுவின் பாடகர் மேக்ஸ் கவலேராவின் கர்ஜனை அதில் இல்லை. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்த விருந்தாளி மாதிரி, அந்தக் குரல்களுக்குப் பின்னால் கிட்டார் அடக்கமாக நடக்கிறது. இந்த மாதிரி ஆல்பங்களை நான் கேட்பது இந்த ஒரு கேள்வியோடுதான்: யாருடைய தாளத்துக்கு யார் வளைந்துகொடுத்தார்கள்? இங்கே வளைந்தது குழு.

பழங்குடி மக்கள் மீதான இந்த ஆர்வம் திடீரென்று வந்ததும் இல்லை. 1993இல் வந்த முந்தைய ஆல்பத்திலேயே, நிலத்துக்காகப் போராடிய குவாரனி-கயோவா மக்களை நினைத்து, வார்த்தையே இல்லாத ‘கயோவாஸ்’ என்ற பாட்டை வாசித்திருந்தார்கள்.

இனி பெரிம்பாவ். ‘ஆட்டிட்யூட்’ பாட்டின் தொடக்கத்தில் கேட்பது அதுதான். வளைத்த ஒரு கம்பு, ஒரே ஒரு கம்பி. அந்தக் கம்பியும் பல சமயம் பழைய கார் டயரிலிருந்து உருவியதாக இருக்கும். கீழே கட்டியிருக்கும் சுரைக்குடுவையின் வாயை வயிற்றோடு ஒட்டினால் ஓசை அடங்கும், விலக்கினால் திறந்துகொள்ளும். ஒரு கையில் குச்சியும், விதைகள் போட்டுப் பின்னிய சின்னக் கிலுகிலுப்பையும். மறு கையில் கம்பியை அழுத்த ஒரு நாணயம் அல்லது கூழாங்கல். முழுதாக அழுத்தினால் சுருதி ஏறும். பாதி மட்டும் தொட்டால் ஒரு கரகரப்பு வரும். நான்கு தந்தி மட்டும் போட்டு, சுருதியை அடிமட்டத்துக்கு இறக்கிய மேக்ஸின் கிட்டாரிலும் எனக்குக் கேட்பது அதே கரகரப்பு. பெரிம்பாவ் முடிந்து கிட்டார் நுழையும்போது வேறு வீட்டுக்குள் போன மாதிரியே இல்லை. அங்கோலாப் பக்கத்திலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் மரபில் வந்த வாத்தியம் அது. அதன் தாளத்தில் ஆடும் கபோயிரா என்ற தற்காப்பு ஆட்டத்தை பிரேசிலின் 1890ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றம் என்றே எழுதிவைத்தது. அந்த நாட்டு இளைஞன் ஒருவன் 1996இல் அந்த வாத்தியத்தை உலகம் முழுக்கக் கேட்கும்படி வாசிக்கிறான். வெறும் உறை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

விற்பதற்காக என்கிறீர்கள். இதே ஆல்பத்தின் ‘ரட்டமஹட்டா’ பாட்டைக் கேளுங்கள். பாஹியாவின் தலைநகர் சால்வடாரின் தாளக்கலைஞர் கார்லின்யோஸ் பிரவுன் அதில் சேர்ந்துகொள்கிறார். பாட்டு போர்த்துகீசியத்துக்கு மாறிவிடுகிறது. தப்பியோடிய அடிமைகளின் தலைவன் சும்பி, வறண்ட வடகிழக்கின் கொள்ளைக்காரன் லம்பியாவ் என்று பெயர்கள் வந்து விழுகின்றன. ஆங்கிலத்தில் பாடிப் பெயர் வாங்கிய குழு, ஐரோப்பிய, அமெரிக்க ரசிகனுக்குப் புரியாத பெயர்களை அவன் காதருகே கத்துகிறது. விற்பனைதான் குறி என்றால் இதைவிடச் சுலபமான வழிகள் அவர்களுக்கு இருந்தன.

ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் ‘இட்சாரி’க்கு வருவதற்குள் காது களைத்துப்போய், அது இடைவேளை மாதிரி கடந்துவிடும். இந்த முறை அதிலிருந்து தொடங்குங்கள். கிட்டாரை விட்டுவிட்டுக் குரல்களை மட்டும் பின்தொடருங்கள். பிறகு முதல் பாட்டுக்கு வந்து ஈகோர் கவலேராவின் டிரம்ஸைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள். உறுத்தல் மிச்சமிருந்தால் அதையும்.