ஒப்பந்தத் தேதி முடிந்தால் வேலையும் முடிந்துவிடுமா?

கேள்வி: போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை செய்தேன். ஓராண்டு ஒப்பந்தம்தான், ஐந்து முறை புதுப்பித்தார்கள். இந்த மார்ச் 31-உடன் 'காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை' என்று மின்னஞ்சல் வந்தது. அடுத்த வாரமே என் இடத்துக்கு ஆள் தேவை என விளம்பரம்! மனிதவளப் பிரிவுக்கு மேல்முறையீட்டுக் கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். 'கையெழுத்துப் போட்டாய், இனி ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்கள். என் சம்பளம் 2,800 வெள்ளி. வழியே இல்லையா?
– வாசகி, கிள்ளான்

பதில்: வழி இருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்பை இன்றே நிறுத்துங்கள். நியாயமில்லாமல் நீக்கப்பட்டதாக முறையிட, மலேசியாவின் 1967-ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு 60 நாள்தான் தருகிறது. வேலை நின்ற நாளிலிருந்து கணக்கு. சனி, ஞாயிறு, பெருநாள் விடுமுறை எல்லாம் சேர்த்தி. நிறுவனம் உங்கள் கடிதத்தைப் பரிசீலிக்கிறது என்பதற்காக ஒரு நாள்கூடக் கூட்டித் தரமாட்டார்கள். உங்களுக்கு மே மாதக் கடைசியில் கெடு முடிகிறது. 'மேலிடத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம்' என்ற பதிலை நம்பி இரண்டு மாதத்தைக் கோட்டை விட்டவர்களுக்கு எவ்வளவு நல்ல ஆதாரம் இருந்தும் பயனில்லை.

இனி கையெழுத்து விஷயம். உண்மையான குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றால், தேதி வந்ததும் அது தானாக முடியும், வேலைநீக்கம் ஆகாது. ஆனால் காகிதத்தில் 'ஓராண்டு' என்று இருப்பது மட்டும் போதாது. 2020-இல் எய்ம்ஸ் சைபர்ஜெயா என்ற நிறுவனத்துக்கும் அதன் ஒப்பந்த ஊழியர் ஒருவருக்கும் இடையிலான வழக்கில், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: இரு தரப்பின் நோக்கம் என்ன, வேலைக் காலத்தில் முதலாளி எப்படி நடந்துகொண்டார், நிறுவனத்தின் தொழிலும் ஊழியரின் வேலையும் எத்தகையவை. முடிவில் அந்த ஊழியர் நிரந்தர ஊழியரே என்று தீர்ப்பளித்தது. கணக்கு எழுதும் வேலை ஒரு நிறுவனத்தில் என்றைக்கும் இருக்கும் வேலை. உங்கள் இடத்துக்கு உடனே ஆள் தேடியதே அதற்குச் சாட்சி. அந்த விளம்பரத்தைத் தேதி தெரியும்படி இப்போதே படம் பிடித்து வையுங்கள், நாளைக்கு எடுத்துவிடலாம்.

ஆறு ஒப்பந்தங்களையும் வரிசையாகப் பரப்பி, கையெழுத்திட்ட தேதிகளைப் பாருங்கள். பழைய ஒப்பந்தம் மார்ச் 31-இல் முடிந்து, புதியதை ஏப்ரல் 20-இல்தான் நீட்டினார்கள் என்றால், இடையில் ஏறக்குறைய இருபது நாள் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் நீங்கள் வேலை பார்த்திருக்கிறீர்கள். அந்தக் கடைசித் தேதியை முதலாளியே பொருட்படுத்தவில்லை என்று இதை வைத்து வாதாடலாம். ஊழியர் சேமநிதிக் கணக்கறிக்கையில் ஒரு மாதமும் விடாமல் சந்தா ஏறியிருப்பது அடுத்த ஆதாரம். நீங்கள் விண்ணப்பிக்காமலே புதுப்பித்தது, சம்பள உயர்வுக் கடிதங்கள் எல்லாம் உதவும்.

மனுவைக் கொடுக்க வேண்டிய இடம் தொழிலியல் உறவுத் துறை, அதாவது ஜபாத்தான் பெர்ஹுபுஙான் பெருசாஹாஆன். சம்பளப் பாக்கி போன்றவற்றைக் கவனிக்கும் தொழிலாளர் துறை வேறு. பெயர்க் குழப்பத்தில் அங்கே போய் நாளைத் தொலைக்காதீர்கள். வேலை செய்த இடத்துக்கு அருகிலுள்ள அலுவலகத்தில் நேரில் கொடுத்து, உங்கள் நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். 'நஷ்டஈடு வேண்டும்' என்று மட்டும் எழுதாதீர்கள். 20-ஆவது பிரிவின்படி கேட்க வேண்டியது 'பழைய வேலையில் மீண்டும் அமர்த்துங்கள்' என்பதே. திரும்பிப் போக மனமில்லாவிட்டாலும் கோரிக்கை அப்படித்தான் இருக்க வேண்டும்.

பிறகு சமரசக் கூட்டத்துக்கு அழைப்பார்கள். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காகப் பேச முடியாது. உடன்பாடு வராவிட்டால் துறையின் தலைமை இயக்குநர் தொழிலியல் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். 2021 முதல் அமைச்சரின் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

வென்றால் என்ன கிடைக்கும்? நீக்கப்பட்ட நாளிலிருந்து கிடைக்காமல் போன சம்பளம் அதிகபட்சம் 24 மாதம், உங்களுக்கு 67,200 வெள்ளி. மீண்டும் வேலை தராவிட்டால் ஓர் ஆண்டுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பது வழக்கமான கணக்கு, அது 16,800. அந்த 67,200 உச்சவரம்பு, உத்தரவாதமல்ல. இடையில் வேறு வேலைக்குப் போயிருந்தால் அதற்காக ஒரு பகுதியைக் கழிப்பார்கள். அதற்குப் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். புது வேலை உங்கள் வழக்கைக் கெடுக்காது.

வேலை இழந்தவர்களுக்கு உதவும் சொக்சோவின் (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலைக் காப்புறுதியைப் பெரிதாக நம்பாதீர்கள். ஒப்பந்தக் காலம் முடிந்து வேலை போனவர்களுக்கு அதில் இடமில்லை.

கடைசிச் சம்பளத்தோடு 'எல்லாப் பாக்கியும் தீர்ந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளை நீட்டினால், அங்கேயே கையெழுத்திடாமல் வீட்டுக்கு எடுத்து வந்து, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலையும் மனுவோடு கொண்டுபோய், அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.